டெல்லி – சான் பிரான்சிஸ்கோ: இந்தத் தூரத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

டெல்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம்?

போனில் தட்டினால் ஒரு நொடியில் பதில் வரும். ஏறக்குறைய 12,400 கிலோமீட்டர். கணக்கு சரிதான். ஆனால் நாம் டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் அந்த 12,400 கிலோமீட்டர் கோட்டில் போவதில்லை. இதைச் சொன்னால், "அப்போ போன் பொய் சொல்லுதா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பொய் இல்லை. அது பூமி சொல்லும் தூரம். மனிதர்கள் பறக்கிற தூரம் வேறு.

என்னிடம் படித்த பிள்ளைகளில் பலர் இன்று கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். மகளுக்குப் பிரசவம், மகன் வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஊரிலிருந்து பெற்றோர் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "ஊரும் நகரலை, விமானமும் அதேதான். நேரம் மட்டும் ஏன் டீச்சர் தடவைக்குத் தடவை மாறுது?" கமெண்டில் நாலு வரியில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பூகோளத்தில் தொடங்கி அரசியலுக்குள் போகும். அரசியல் பிடிக்காதவர்கள் பாதியில் இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் அட்லஸை மூடி வையுங்கள். தட்டை வரைபடத்தில் டெல்லி வலது பக்கம், சான் பிரான்சிஸ்கோ இடது ஓரம். அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் ஈரான், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று படுக்கை வசமாகப் போகும். பெரும்பாலானவர்கள் மனதில் இருக்கும் பாதை இதுதான். இப்போது உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் ஒரு முனையை டெல்லியிலும் மறுமுனையை சான் பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாது. டெல்லியிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே கிளம்பி, இமயமலை, திபெத், சீனாவின் சின்ஜியாங், சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் பெருங்கடலைத் தொட்டு, அலாஸ்காவில் இறங்கி, கனடாவின் மேற்குக் கரையை ஒட்டிக் கலிஃபோர்னியா வந்து சேரும். அந்த நூலின் நீளம்தான் 12,400.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் உலக உருண்டை தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டிக் கிடந்தது. ஆய்வுக்கு யாராவது வரும்போது மட்டும் வெளியே வரும். பிள்ளைகள் தொட்டால் அழுக்காகிவிடுமாம். ஒரு உருண்டையும் ஒரு முழம் நூலும் கொடுத்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் பத்து நிமிடத்தில் புரிகிற விஷயம், பொறியியல் படித்து முடித்தவர்களுக்கும் வியப்பாக இருக்கிறது என்றால் குற்றம் அவர்களுடையது இல்லை.

சரி, நூல் காட்டும் வழியில் விமானம் ஏன் போகவில்லை?

முதல் தடை இமயமலையும் திபெத்தும். "விமானம் முப்பத்தையாயிரம் அடியில் போகிறது, மலை எப்படி இடிக்கும்?" என்று கேட்கலாம். இடிக்காது. பிரச்சினை வேறு. உள்ளே காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால் தலைக்கு மேலிருந்து ஆக்சிஜன் முகமூடி விழும் என்று பணிப்பெண் ஒவ்வொரு முறையும் செய்து காட்டுகிறாரே, அந்த ஆக்சிஜன் பொதுவாகக் கால் மணி நேரம் அளவுக்குத்தான் வரும். அதற்குள் விமானி பத்தாயிரம் அடிக்கு இறங்கிவிட வேண்டும். திபெத் பீடபூமியின் தரையே சராசரியாகப் பதினைந்தாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இறங்க இடம் எங்கே? அதனால்தான் விமானங்கள் அந்தப் பகுதியை ஒதுக்கிச் சுற்றிப் போகின்றன. இந்தச் சுற்றலில் எனக்குக் குறை எதுவும் இல்லை. மலை போட்ட விதி, உயிரைக் காக்கும் விதி.

அடுத்தது காற்று. இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஏர் இந்தியா 2015 டிசம்பரில் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ நேரடிச் சேவையைத் தொடங்கியது. அப்போது மேற்கே, அட்லாண்டிக் வழியாகப் போனார்கள். சுமார் 13,900 கிலோமீட்டர், பதினாறரை மணி நேரம். 2016 அக்டோபர் 16 அன்று வழியைத் திருப்பினார்கள். கிழக்கே கிளம்பி, சீனா, ஜப்பான், பசிபிக் பெருங்கடல் என்று போனது விமானம். தூரம் 15,300 கிலோமீட்டர். அதாவது 1,400 கிலோமீட்டர் அதிகம். நேரம்? பதினான்கரை மணி. இரண்டு மணி நேரம் குறைவு!

தூரம் கூடினால் நேரம் கூடும் என்றுதான் கணக்கு வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். அவர் சொன்னதும் தப்பில்லை, வேகம் மாறாமல் இருந்தால். வகுத்துப் பாருங்கள். அட்லாண்டிக் வழியில் மணிக்குச் சுமார் 842 கிலோமீட்டர். பசிபிக் வழியில் மணிக்குச் சுமார் 1,055. இன்ஜின் அதே இன்ஜின். வித்தியாசம் முழுக்கக் காற்று. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிப் பக்கம் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போகும்போது பெடலை மிதிக்கவே வேண்டாம், திரும்பும்போது இறங்கித் தள்ளத்தான் வேண்டும். அதேபோல வானத்தில் முப்பதாயிரம் அடிக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஆறு மாதிரி ஒரு காற்று இருக்கிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். கிழக்கே போகிறவரை அது தள்ளிக்கொண்டு போகும். மேற்கே போகிறவரைத் தடுக்கும்.

(பூமி சுற்றுவதால்தான் இந்த நேர வித்தியாசம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. நம்பாதீர்கள். பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும்தான் சுற்றுகிறது. இல்லையென்றால் நாகர்கோவிலில் ஹெலிகாப்டரை அந்தரத்தில் நிறுத்திவிட்டு ஆப்பிரிக்காவில் இறங்கலாமே!)

இந்த ஜெட் காற்றை முதலில் அளந்து எழுதியவர்களில் ஒருவர் ஒயிஷி வாசபுரோ என்ற ஜப்பானியர். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு அளந்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, எஸ்பெராண்டோ என்ற பொதுமொழியில் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் எத்தனை பேர்? யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்மீது குண்டு போட வந்த அமெரிக்க விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் தடுமாறிய பிறகுதான் அவர்களுக்கு அதன் பலம் தெரிந்தது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அந்த மனிதரை நினைத்தால் பாவமாக இருக்கும்.

மலையும் காற்றும் இயற்கை. அவற்றோடு சண்டை போட்டுப் பயனில்லை. மூன்றாவது தடைதான் மனிதர்கள் போட்டது.

வானத்துக்கு எல்லை உண்டா? உண்டு. 1944இல் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் முதல் பிரிவே இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வானத்தின்மீது முழு உரிமை உண்டு. இந்தியாவும் அதில் உறுப்பினர், பாகிஸ்தானும் உறுப்பினர். ஆகவே ஒரு நாடு "என் வானத்தில் வராதே" என்றால் சுற்றித்தான் போக வேண்டும்.

2019 பிப்ரவரி 27 அன்று, பாலகோட் தாக்குதலுக்கு மறுநாள், பாகிஸ்தான் தன் வானத்தை மூடியது. ஜூலை 16 அன்றுதான் முழுமையாகத் திறந்தது. அந்த நாட்களில், ஜூலை 2 வரையிலான கணக்குப்படி, ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் நஷ்டம் என்று நம் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். பிறகு 2025 ஏப்ரல் 24. பஹல்காம் கொலைகளுக்குப் பின் இந்தியா எடுத்த நடவடிக்கைகளுக்குப் பதிலாகப் பாகிஸ்தான் மறுபடி மூடியது. இந்த முறை இந்திய விமானங்களுக்கு மட்டும். ஏப்ரல் 30 அன்று நாமும் பாகிஸ்தான் விமானங்களுக்கு நம் வானத்தை மூடினோம். பிறகு இரு பக்கமும் மாதத்துக்கு ஒருமுறை காலக்கெடுவை நீட்டித்துக்கொண்டு போனார்கள்.

டெல்லியை வரைபடத்தில் பாருங்கள். வடக்கே இமயமலைச் சுவர். வடமேற்கே, கொஞ்ச தூரத்திலேயே பாகிஸ்தான் எல்லை. ஐரோப்பாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் போகிற வாசல் அதுதான். அது அடைபட்டால் தெற்கே குஜராத் பக்கம் இறங்கி, அரபிக்கடலைத் தாண்டி, வளைகுடா வழியாகத்தான் மேற்கே போக முடியும். வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் சில, வழியில் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டி வந்தது. டெல்லி–வாஷிங்டன் நேரடிச் சேவையை 2025 செப்டம்பரில் நிறுத்தியபோது சொன்ன காரணங்களில் இந்த மூடலும் ஒன்று. மூடல் ஒரு வருடம் நீடித்தால் 60 கோடி டாலர் கூடுதல் செலவு என்று அந்த நிறுவனம் அரசுக்குக் கணக்குக் கொடுத்தது. அந்தப் பக்கம் மட்டும் லாபமா? ஏப்ரல் 24 முதல் ஜூன் 30 வரையிலேயே, வானத்தைக் கடக்கும் கட்டணத்தில் தங்களுக்கு 410 கோடி பாகிஸ்தான் ரூபாய் போயிற்று என்று அவர்கள் அரசே தங்கள் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். சிலருக்குக் கோபம் வரலாம்.

வானத்தை மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூட வேண்டிய நேரத்தில் மூடாவிட்டால் என்ன ஆகும் என்று உலகம் ஒருமுறை பார்த்தது. 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போன மலேசிய விமானம் கிழக்கு உக்ரைனுக்கு மேலே ஏவுகணையால் சுட்டு வீழ்த்தப்பட்டது. 298 பேர். கீழே போர் நடந்துகொண்டிருந்தது. 32,000 அடிக்குக் கீழே மட்டும் வானத்தை மூடியிருந்தார்கள். அந்த விமானம் 33,000 அடியில், விதிப்படி, பறந்தது. அன்று ஒரே நாளில் 160 பயணிகள் விமானங்கள் அந்தப் பகுதிக்கு மேலே போயிருந்தன என்று நெதர்லாந்து விசாரணைக் குழு எழுதியது. சுற்றிப் போனால் நேரமும் எரிபொருளும் கூடும் என்ற கணக்கு அத்தனை நிறுவனங்களுக்கும் இருந்திருக்கும். ஆகவே ஏவுகணை பறக்கிற இடத்தில் வானத்தை மூடுங்கள், யாரையும் விடாதீர்கள். இருபது மணி நேரம் ஆனாலும் நான் சுற்றிப் போகத் தயார்.

ஆனால் 2025இல் நடந்துகொண்டிருப்பது அது இல்லை. மே மாதம் சண்டை நடந்த அந்தச் சில நாட்களைத் தனியாக வையுங்கள். அதற்குப் பிறகு? வெளிநாட்டு நிறுவனத்தின் விமானம் டெல்லியிலிருந்து கிளம்பி பாகிஸ்தானுக்கு மேலே போகலாம். அரை மணி கழித்து அதே டெல்லியிலிருந்து அதே ஊருக்குக் கிளம்பும் இந்திய விமானம் போகக்கூடாது. வானம் ஆபத்தானது என்றால் இருவருக்கும்தானே ஆபத்து? அதேபோல லாகூரிலிருந்து கோலாலம்பூர் போகும் பாகிஸ்தான் விமானம் நம் நாட்டைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகிறது. பக்கத்திலேயே மலேசிய விமானம் நேராகப் போகலாம். பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது கோபத்தைக் காட்டுவது. கோபத்துக்குக் காரணம் இருக்கலாம், நியாயமும் இருக்கலாம். பஹல்காமில் கணவனைப் பறிகொடுத்த பெண்களிடம் போய் நான் விமான நேரத்தைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் அந்தக் கொலைகளைச் செய்தவர்களில் ஒருவனுக்காவது இந்த மூடலால் ஒரு நிமிடம் நஷ்டமா?

சிகாகோ ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நெருக்கடி நேரத்தில் ஒரு நாடு தன் வானத்தைத் தற்காலிகமாக மூடலாம், ஆனால் மற்ற நாடுகளின் விமானங்களுக்குள் இன்ன நாடு என்ற பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. எல்லாருக்கும் மூடு, அல்லது எல்லாருக்கும் திற. போர் என்று அறிவித்தால் தப்பிக்க 89ஆம் பிரிவு என்று ஒரு வாசலும் இருக்கிறது, தெரியும். இரண்டு அரசும் போர் என்றும் அறிவிப்பதில்லை, அமைதி என்றும் நடந்துகொள்வதில்லை. 2017இல் சவுதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் சேர்ந்து கத்தார் விமானங்களுக்கு இதையேதான் செய்தன. மூன்றரை வருடம் கழித்து, 2021 ஜனவரியில் கைகுலுக்கித் திறந்தார்கள். அத்தனை வருடம் சுற்றிய எரிபொருளுக்கும் நேரத்துக்கும் யாரும் யாருக்கும் ரசீது கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையான ஆசிரியை ஆக மாட்டேன். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்க, ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வானம் அடைபட்டது. இந்திய விமானங்களுக்குத் திறந்தே இருந்தது. சான் பிரான்சிஸ்கோ–டெல்லி நேரடியாக ஓட்டிவந்த அமெரிக்க நிறுவனமான யுனைட்டட் அந்தச் சேவையை நிறுத்த வேண்டி வந்தது. நாம் சைபீரியாவுக்கு மேலே சொகுசாகப் போய்வந்தோம். அப்போது "இது என்ன பாகுபாடு" என்று நம் ஊரில் யாரும் பதிவு போட்டதாக எனக்கு நினைவில்லை. நமக்கு வாசல் திறந்திருந்தால் அது ராஜதந்திரம், அடைபட்டால் அநியாயம். மனித இயல்புதான்.

அந்தச் சொகுசுக்கும் ஒரு விலை இருந்தது. 2023 ஜூன் 6 அன்று டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஏர் இந்தியா விமானத்துக்கு நடுவழியில் ஒரு இன்ஜினில் கோளாறு. ரஷ்யாவின் தூரக் கிழக்கில் மகடான் என்ற ஊரில் இறக்கினார்கள். 216 பயணிகள், 16 ஊழியர்கள். மகடான் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? ஸ்டாலின் காலத்தில் கொலிமா முகாம்களுக்குக் கைதிகளைக் கொண்டுபோய் இறக்கிய துறைமுகம். அவ்வளவு பேரைத் தங்கவைக்க ஹோட்டல் வசதி கிடையாது. ஒரு பகுதியினரைப் பள்ளிக்கூடத்தில் தரையில் மெத்தை போட்டுப் படுக்கவைத்தார்கள். முதியவர்கள் இருந்தார்கள், குழந்தைகள் இருந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். மாற்று விமானம் மும்பையிலிருந்து போய் ஏற்றிக்கொண்டு போனது. 12,400 கிலோமீட்டர் என்று போன் காட்டிய பயணம் அவர்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

அரசுகளின் கோபத்தில் கூடுகிற இரண்டு மணி, மூன்று மணி நேரத்தை உண்மையில் அனுபவிப்பது யார்? அமைச்சர்கள் இல்லை. நடு இருக்கையில் உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயுள்ள அறுபத்தெட்டு வயது அம்மா. கால் வீங்கும். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார். இது நான் கேள்விப்பட்டது இல்லை, என் வயதுத் தோழிகள் திரும்பி வந்து சொல்வது. "வானத்தை மூடியது சரியான அடி" என்று முகநூலில் கைதட்டுகிற மகன்தான் அந்த அம்மாவுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் என்பதும் எனக்குத் தெரியும். அவன் என் மாணவன், திட்டுகிற உரிமை எனக்கு உண்டு.

ஆகவே பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளே, கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள். அதே விமானம் கடந்த ஒரு வாரமாக எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். விமானத்தைப் பின்தொடரும் செயலிகளில் எண்ணைப் போட்டால் போன வழியே வரைபடமாக வரும். எரிபொருளுக்கு நடுவில் இறங்குகிறதா, இறங்கினால் பயணிகளைக் கீழே விடுவார்களா, உள்ளேயே உட்காரவைப்பார்களா என்று கேளுங்கள். போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். எழுபது தாண்டியவர்களுக்கு ஒரே மூச்சில் பதினாறு மணியைவிட, நடுவில் ஓர் ஊரில் இறங்கி நாலு மணி நேரம் காலை நீட்டிவிட்டுப் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம். சக்கர நாற்காலி கேட்க வெட்கப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். நடு இருக்கை வேண்டவே வேண்டாம்.

பேரப்பிள்ளைகளுக்கு உலக உருண்டை வாங்குகிறவர்கள் நூல் வைத்துப் பார்க்கிற அளவுக்குப் பெரியதாக வாங்குங்கள். சாவிக்கொத்தில் தொங்குகிற சைஸ் உதவாது. கலிஃபோர்னியாவில் ஞாயிற்றுக்கிழமை ஏறினால் இங்கே செவ்வாய்க்கிழமை இறங்குவது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தத் தேதிக்கோட்டுக் கதையை அடுத்த வாரம் எழுதுகிறேன்.